அம்மா சொன்ன உயரம்

எங்கள் வீட்டில் உயரம் என்பது வெளியே சொல்லக்கூடாத சங்கதி. மற்ற வீடுகளில் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள். நாங்கள் உயரத்தைக் குறைத்துச் சொன்னோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ஐந்தடி பத்து அங்குலம். ஆனால் வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும் ஐந்தடி நாலு என்றுதான் பதில். கேட்டவர்கள் என்னை அண்ணாந்து பார்த்தபடியே சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இந்த உயரம் அம்மா வழியில் வந்தது. நைனா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் ஆந்திரா கூப்பிடு தூரம், அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அம்மாவின் காதளவு இருப்பார். கல்யாணப் போட்டோவில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அவரைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போனால் அம்மா ரோட்டின் சரிவான ஓரமாகப் பார்த்து நடப்பாள், நைனாவுக்கு மேடான பக்கத்தை விட்டுவிடுவாள். அது போதாமல் தோளையும் குறுக்கிக் கழுத்தையும் முன்னே நீட்டிக்கொள்வாள். பிளாஸ்டிக் கேன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை அவளுக்கு. அங்கே மேசை தாழ்வு, அதனால்தான் அம்மாவுக்கு முதுகு அப்படி ஆகிவிட்டது என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னுடைய வளர்ச்சியை நிறுத்தும் பொறுப்பை ஊத்துக்கோட்டையில் இருந்த அத்தை எடுத்துக்கொண்டாள். நைனாவுக்கு அக்கா. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது வளராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. தெரியாமல் தாண்டிவிட்டால் திரும்பவும் தாண்டிச் சரிசெய்துவிட வேண்டும். அத்தை தெரிந்தே தாண்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து, நான் பாயில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை தாண்டுவாள். திரும்பி வரும்போது மறக்காமல் டிவிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவாள். அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். ஐந்தடி ஐந்து. எனக்கு முறைப்பையன். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அத்தை அத்தனை தடவை தாண்டியும் நான் வளர்ந்துகொண்டே இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசையில் கடைசியில் நின்றவளை பி.டி. மிஸ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கிரவுண்டில் விட்டார். எங்கள் பள்ளியில் ஒரு கம்பெனிக்காரர்கள் கட்டிக்கொடுத்த பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தது. போர்டில் குறி வைக்கிற சதுரத்தைவிட அந்தக் கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். எனக்கு ஓடத் தெரியாது, பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரியாது. வளையத்துக்குக் கீழே போய் நின்றுகொள்வேன். அதற்கு போஸ்ட் என்று பெயர். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பினால் பிடிப்பேன், பிடித்ததைத் திரும்ப உள்ளே போடுவேன். நெட்டச்சி, பனைமரம், லைட்டுக் கம்பம் என்றெல்லாம் கூப்பிட்ட அதே பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தச் சுகத்துக்காகவே நாலு வருடம் ஆடினேன்.

பிளஸ் டூ முடிகிற சமயத்தில் பி.டி. மிஸ் வீட்டுக்கே வந்தார். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி, பாஸ்கெட்பால் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஃபிரீ சீட் கொடுக்கிறார்கள். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே. செலக்‌ஷனுக்குப் போய் ஆடிக்காட்ட வேண்டும். மிஸ் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்த நைனா, "கெட்ச்சா போவட்டும், கெடைக்கலன்னா கம்பெனி வேன்ல ஏறட்டும்" என்றார். கம்பெனி வேன் என்பது எங்கள் தெருமுனையில் காலையில் வந்து நிற்கும். பிளஸ் டூ முடித்த பெண்கள் அதில் ஏறிப் போய் நாளெல்லாம் நின்று ஏதோ சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துவார்கள். இரண்டு வருடம் போனதும் கல்யாணம் ஆகிவிடும். அத்தை அந்த இரண்டு வருடத்தைக்கூட அதிகம் என்று நினைத்தாள்.

எனக்கு அந்த வேனில் ஏற விருப்பம் இல்லை. அதைவிட, பந்து கைக்கு வருகிற அந்தச் சத்தம் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. அந்த சீட் ஒன்றுதான் வழி. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

விண்ணப்பத்தை நெட் சென்டரில்தான் போட வேண்டும். எனக்குப் பரீட்சை இருந்ததால் அம்மா என் மார்க் ஷீட், சர்டிபிகேட், போட்டோ எல்லாவற்றையும் மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்த அலுப்போடு போய் வரிசையில் நின்று, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வந்தாள். பத்து நாளில் பதில் வந்தது. அதையும் அந்தத் தம்பிதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். தேதி, நேரம், கொண்டுவர வேண்டியவை, அதற்கும் கீழே 'பி பிரிவு' என்று இருந்தது. பள்ளியில் நான் பி செக்‌ஷன். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மே மாதம் அது. பி.டி. மிஸ்ஸுக்கு அன்றைக்கு ஏதோ டியூட்டி போட்டுவிட்டார்கள். நைனாவுக்குக் காலை ஷிப்ட். அம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினாள். கும்மிடிப்பூண்டியில் யூனிட் வண்டி என்கிற மின்சார ரயில் காலியாகத்தான் கிளம்பும், பொன்னேரி தாண்டுவதற்குள் நிரம்பிவிடும். அம்மா மடியில் எலுமிச்சை சாதத்தை வைத்துக்கொண்டு வழியெல்லாம் பெரியபாளையத்து அம்மனை வேண்டிக்கொண்டு வந்தாள். நான் புது ஷூவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் அளவுக்குப் பெண்கள் ஷூ கிடைக்காமல் மிஸ் ஆண்கள் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தார்.

கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அக்கா என் தாளைப் பார்த்து, தலையைத் தூக்காமலேயே ஒரு நம்பரை எழுதிக் கொடுத்து, "பின்னாடி கோர்ட்" என்றார். முன்னால் பெரிய கோர்ட்டில் உயரமான பெண்கள் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு பேரை ஒரே இடத்தில் நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சொன்னபடி பின்னால் போனேன்.

பின்னால் இருந்தவர்கள் எல்லாம் என் தோளுக்குக் கீழே. குட்டை, சுறுசுறுப்பு, கையில் பந்து ஒட்டிக்கொண்டது போல ஓடினார்கள். இவர்கள் கார்டு, பந்தைத் தட்டி மேலே எடுத்துக்கொண்டு போகிறவர்கள். கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். நான் அங்கே அட்டையோடு நின்ற சின்ன கோச்சிடம் போய், "மேடம், நான் போஸ்ட்டு" என்றேன். "லிஸ்ட்ல உன் பேர் இங்கதான்மா இருக்கு. ஓடு" என்றார்.

ஓடினேன். முதல் கூம்பைத் தாண்டினேன். இரண்டாவதில் பந்து என் முட்டியில் பட்டு வேலிக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டு வந்தேன், திரும்பவும் போயிற்று. மூன்றாம் தடவை கூம்பையே உதைத்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். சின்ன கோச் அட்டையில் ஒரு கோடு போட்டார். போச்சு, அவ்வளவுதான், இனி வேன்தான் என்று நினைத்துக்கொண்டேன். சுவரோரம் படியில் உட்கார்ந்திருந்த அம்மா, நன்றாக ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

கடைசியாக எங்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பத்து நிமிடம் ஆடவிட்டார்கள். எப்படியும் போகப்போகிறோம், தெரிந்ததைச் செய்துவிட்டுப் போகலாம் என்று வளையத்துக்குக் கீழே போய் நின்றேன். விழுந்த பந்தெல்லாம் என் கைக்கு வந்தது. கையைத் தூக்கினால் யாருக்கும் எட்டவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ போட்டபோது சின்ன கோச் விசில் ஊதினார்.

"இந்தா, இங்க வா. ஹைட் எவ்ளோ?"

"நூத்தி எழுபத்தெட்டு மேடம்." பி.டி. மிஸ் ஸ்டோர் ரூம் சுவரில் அளந்து சொல்லியிருந்தார். சென்டிமீட்டரில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல நூத்தி அறுபத்து மூணுன்னு இருக்கு. அதான் குட்டைப் பொண்ணுங்களோட பி-ல போட்டிருக்கு. நீ யாரு?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. வேறு ஒரு பெண்ணின் பெயரில் ஆடுவதற்கு நான் வந்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். அப்படி ஆள் மாற்றி ஆடுவது நடக்கிற விஷயம்தானாம். நேராகப் பெரிய கோச்சிடம் அழைத்துக்கொண்டு போனார். நரைத்த முடியைக் கழுத்தளவு வெட்டிய அம்மாள் அவர். என் பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆள் நான்தான் என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

"கூட்டிச் சொல்றவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். ஹைட்டைக் குறைச்சுச் சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன். ஃபார்ம்ல தப்பாக் குடுத்தா வெளிய அனுப்பிடுவோம், தெரியுமில்ல? இதே தப்புன்னா அப்புறம் உன் வயசை நான் எப்படி நம்பறது? யாரு எழுதினது இதை?"

"எங்கம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. கையைக் காட்டியும் விட்டேன்.

அம்மா எழுந்து வந்தாள். கோர்ட்டின் ஓரத்தில், கோயிலுக்குள் நுழைவது போலச் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, சுடுகிற சிமெண்டில் வேகவேகமாகக் காலை எடுத்து வைத்து வந்தாள். பெரிய கோச் கேட்டதும் என்னைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றேன். அப்போது என் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பொட்டப் புள்ள மேடம், கட்டிக் குடுக்கணும். கம்ப்யூட்டர்ல ஏத்திகினு இருந்தாரு அந்தத் தம்பி. ஏத்திட்டா அழியாதுன்றாங்கோ. நாளைக்கு மாப்ள ஊட்டாளுங்க யாருனா பாத்துட்டா? அதான் எப்பவும் சொல்றதையே சொல்லிட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. பெரிய கோச் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க ஹைட் எவ்ளோ?" என்று கேட்டார்.

"அஞ்சடி ரெண்டு" என்றாள் அம்மா, கூசாமல். என் புருவத்துக்கு மேலே இருந்தது அவள் நெற்றி.

பெரிய கோச் அளக்கிற ஸ்டாண்டைக் கொண்டுவரச் சொன்னார். முதலில் என்னை நிறுத்தினார். நூற்று எழுபத்தெட்டு. சின்ன கோச் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் அதை எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து, "நீங்களும் வந்து நில்லுங்க. பொண்ணு இன்னும் வளருமான்னு தெரியணும்" என்றார் அம்மாவிடம்.

"அய்யே, நான் இன்னாத்துக்கு மேடம்" என்று அம்மா பின்வாங்கினாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பெரிய கோச் குனிந்து பார்த்துவிட்டு, "முட்டிய மடக்காதீங்கம்மா. புடவை தரையைத் தொடுது, தெரியுது எனக்கு" என்றார். அம்மா அசடு வழிந்தாள். முட்டியை நிமிர்த்தினாள். "தோளைப் பின்னால விடுங்க. நேராப் பாருங்க. இன்னும். இன்னும்."

அம்மா நிமிர்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, எங்கேயோ வலிப்பது போல. அவள் கழுத்து அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய கோச் தலைக்கு மேல் கட்டையை இறக்கி, எண்ணைப் பார்த்து, சின்ன கோச்சின் காதில் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

"எந்த ஸ்கூல்ல ஆடினீங்க?" என்று கேட்டார் பெரிய கோச்.

"இன்னாது மேடம்?"

"பாஸ்கெட்பால். எந்த ஸ்கூல் டீம்?"

"எட்டாவதோட நின்னுட்டேன் மேடம். அதெல்லாம் ஒண்ணும் ஆடல."

பெரிய கோச் அட்டையில் அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முன்னால் பெரிய கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். நான் ஒரே ஓட்டமாக ஓடினேன். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோது அம்மா இன்னமும் அந்த ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கு என்று யாரும் சொல்லாததால் நிற்கிறாள் போலிருக்கிறது, பட்டிக்காடு, என்று நினைத்துக்கொண்டேன்.

முன் கோர்ட்டில் என்னைவிட நன்றாக ஆடியவர்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். ஆனால் நான் கீழே நின்றேன், பிடித்தேன், போட்டேன். இடித்துத் தள்ளியவளைத் திருப்பி இடித்தேன். முடிந்ததும் பெரிய கோச், "போன் பண்றோம்" என்று மட்டும் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

திரும்பும்போது வண்டியில் நான் அம்மாவோடு பேசவில்லை. எலுமிச்சை சாதத்தைக் கொடுத்தாள், வேண்டாம் என்றேன். பசி வயிற்றைக் கிள்ளியது, அப்படியும் வேண்டாம் என்றேன். இவள் சொன்ன ஒரு பொய்யால் என் வாழ்க்கையே போயிருக்கும், கூம்புக்கு நடுவே என்னை ஓடவிட்டு இவள் படியில் உட்கார்ந்து தலையாட்டினாள், எல்லார் முன்னாலும் கல்யாணக் கதை பேசினாள் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எண்ணூர் போயிற்று, மீஞ்சூர் வந்தது.

"ஏண்டி" என்றாள் மெதுவாக. "என்னுது எவ்ளோன்னு எழுதினாங்கோ?"

"எது?"

"அளந்தாங்களே, அது."

"யாருக்குத் தெரியும். தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போற? அதையும் கொறைக்கணுமா?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்றாள். எலுமிச்சை சாதத்தை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து பி.டி. மிஸ்ஸுக்குப் போன் வந்தது. சீட் கிடைத்துவிட்டது. நைனா வேன்காரரிடம் போய், பொண்ணு வராது என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என்னைத் தாண்டவில்லை. இனி தாண்டி என்ன பிரயோஜனம் என்று இருந்திருக்கும். அம்மா பெரியபாளையம் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தாள். ஸ்டாண்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

மூன்று வருடம் அந்தக் கல்லூரிக்கு ஆடினேன். இப்போது நானே ஒரு பள்ளியில் பி.டி. மிஸ். வருடா வருடம் ஜூன் மாதம் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி உயரம் எடுத்து நோட்டில் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒன்றைக் கவனித்தேன். அளந்து முடித்ததும் குட்டையோ நெட்டையோ, ஒவ்வொரு பிள்ளையும் கேட்பது ஒரே கேள்விதான். "எவ்ளோ மிஸ்?" சொல்கிற வரைக்கும் இறங்காது. சொன்னால் முகம் மலர்ந்து அந்த எண்ணை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போகும். நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தபோது ஸ்டாண்டிலிருந்து இறங்காமல் நின்ற அம்மா திடீரென்று நினைவுக்கு வந்தாள். நோட்டை மூடிவிட்டேன். அன்று அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். அதற்கு முன்னால் அவளை யாரும் அளந்ததில்லை. அளக்க அவள் விட்டதும் இல்லை.

போன வருடம் ஒரு டேப் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், "வாம்மா, செவுத்தோரம் நில்லு, அளந்து சொல்றேன்" என்றேன். அம்மாவுக்கு இப்போது முதுகு நிஜமாகவே வளைந்துவிட்டது. சிரித்தாள்.

"இப்ப இன்னாத்துக்குடி. அன்னிக்கி நின்னது வேற."

அன்று வண்டியில் யாருக்குத் தெரியும் என்று நான் சொன்னதைக் கோபத்தில் சொன்னது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். கோபம்தான், ஆனால் நிஜமாகவே எனக்குத் தெரியாது. என் எண்ணுக்கு அடுத்த வரியில்தான் அவளுடையதையும் எழுதினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எட்டிப் பார்க்கவில்லை.